டென்னிஸ் ஆட்டமும் ஜீவனோபாயமும்

விளையாட்டு உடலுக்கு உறுதியும் உள்ளத்திற்கு ஊக்கமும் தருமென்பதை மறுப்பார் இலர். ஆயினும், அதனையே ஒருவன் ஜீவனோபாயமாகக் கொள்ளலாமோ என்னும் வினா எழுந்தவுடன் நம்மவருட் பலர் முகஞ் சுளிப்பர். மருங்காபுரி முதலிய ஊர்களிலிருந்து திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளுக்குத் தம் மக்களை அனுப்பும் பெற்றோர், அவர்கள் மாலைப்பொழுதை மைதானத்திற் கழிப்பதைப் பொறுப்பரேயன்றி, வாழ்நாளையே அங்குக் கழிக்க இசைவது அரிது. இவ்வினாவை வெறுந் தர்க்கத்தால் ஆராய்வதினும், தம் வாழ்க்கையில் அதனை நேர்நின்று சந்தித்த ஒருவரது சரித்திரத்தைக் கொண்டு ஆராய்தல் நலம். அவர்தாம் டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணன்.

இவர் 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி நாகர்கோவிலிற் பிறந்தார். தந்தையார் டி. கே. இராமநாதன், தாமும் தேர்ந்த ஆட்டக்காரர். மைந்தருக்கு முதலாசிரியர் அவரே. கிருஷ்ணன் சென்னை லயோலா கல்லூரியிற் பயின்றவர். 1954-ல் விம்பிள்டனில் நடைபெற்ற சிறுவர் பந்தயத்தில், ஆஸ்திரேலியராகிய ஆஷ்லி கூப்பரை இறுதியாட்டத்தில் வென்று, அப்பட்டத்தை எய்திய முதல் ஆசியர் என்னும் புகழ் பெற்றார். பந்தை வலிதின் அடித்து எதிரியைத் திணறச் செய்வது இவரது முறையன்று. பந்து செல்லும் இடத்தை நுணுகித் தேர்ந்து, மெல்லெனத் தொட்டு, எதிரி நில்லாத மூலைக்கு அதனைச் செலுத்துவதே இவர் வன்மை. வலிமை மிக்க ஸர்வீஸ் இவர்க்கு வாய்க்கவில்லை. அக்குறையை நுண்ணறிவால் நிரப்பிக்கொண்டார்.

இனி, அக்காலத்து நியமத்தைச் சிறிது அறிதல் வேண்டும். டென்னிஸ் ஆடுவோர் அமெச்சூர் என்றும் தொழிலாட்டக்காரர் என்றும் இருதிறத்தினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஊதியம் பெற்று ஆடுவதாக ஒப்பந்தஞ் செய்தவர்க்கு விம்பிள்டன் முதலிய பெரும் பந்தயங்களின் கதவு அடைபடும். தேசங்களுக்கிடையே நிகழும் டேவிஸ் கோப்பைப் பந்தயத்திலும் அவர்க்கு இடமில்லை. நம் நாட்டு நாடகமேடையிலும் இத்தகைய பிரிவு ஒன்று இருந்தது. கூலிக்கு நடிப்போரைக் கூத்தாடிகளென இகழ்ந்த அதே ஜனங்கள், பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் ஸ்தாபித்த சுகுண விலாச சபையில், கற்றோரும் உத்தியோகஸ்தரும் ஊதியமின்றி நடித்தபொழுது மதித்துக் கண்டுகளித்தனர். கலை ஒன்றே, கைநீட்டிப் பொருள் பெறுதலே மதிப்பிற்கும் இகழ்ச்சிக்கும் எல்லையாயிற்று.

1959-ல் கிருஷ்ணன் லண்டன் குவீன்ஸ் கிளப் பந்தயத்தின் இறுதியாட்டத்தில் நீல் பிரேஸரை வென்றார். டேவிஸ் கோப்பையில் ராட் லேவரையும் வென்றார். தொழிலாட்டக் குழுவை நடத்திவந்த ஜாக் கிரேமர் என்னும் அமெரிக்கர், மூன்றாண்டு ஒப்பந்தத்திற்கு 1,50,000 டாலர் தருவதாக அழைத்தார். அந்நாளைய நாணய மாற்றின்படி அது ஏழு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. கிருஷ்ணன் அதனை மறுத்தார்.

இம்மறுப்பால் விளைந்தது யாதென நோக்குவோம். 1960-ல் விம்பிள்டன் அரையிறுதி வரை முன்னேறி, பிரேஸரிடம் தோற்றார். 1961-ல் ராய் எமர்ஸனைத் தொடர்ந்த மூன்று செட்டுகளில் வென்று மீண்டும் அரையிறுதி எய்தி, லேவரிடம் தோற்றார். இவ்விருமுறையும் இவரை வென்றவரே அவ்வாண்டின் பட்டத்தையும் பெற்றார். 1966-ல் கல்கத்தாவில், பிரேஸில் நாட்டோடு நிகழ்ந்த டேவிஸ் கோப்பைப் போட்டி இரண்டுக்கு இரண்டு எனச் சமனாய் நின்றது. முடிவைக் காட்டும் ஐந்தாம் ஆட்டத்தில் தாமஸ் காக் என்பவர் இரண்டு செட்டுகளைக் கைப்பற்றி, நான்காம் செட்டிலும் 5-2 என முந்தி நின்றார். தோல்வி வாயிலில் நின்ற நிலையிலும் கிருஷ்ணன் மனந்தளராது, அச்செட்டை 7-5 எனவும் அடுத்ததை 6-2 எனவும் வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றினை அடைந்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றதாயினும், அந்த ஒரு வெற்றி கிருஷ்ணனும் ஜயதீப் முகர்ஜியும் இரட்டையர் ஆட்டத்தில் ஈட்டியது. ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டிருப்பின் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

ஆயின், இதனைக் கொண்டு பொருளுக்காக ஆடுதல் இழிவு என முடிவு கூறலாமோ? கூடாது. அமெச்சூர் நியமம் செல்வமுடையார்க்கு எளிது, வறியோர்க்குச் சுமை. மேலும், ஊதியம் பெறாதவர் என மதிக்கப்பட்டோருட் பலர் பிரயாணச் செலவு என்னும் பெயரால் மறைவிற் பணம் பெற்றதும் உண்டு. இப்பொய்ம்மை நீங்குமாறு 1968-ல் அம்மதில் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு விம்பிள்டனில் இருதிறத்தாரும் ஒருங்கே ஆடினர். 1962-ன் முடிவில் தொழிலாட்டத்திற்குச் சென்ற லேவரே பட்டத்தையும், பரிசாகிய 2,000 பவுனையும் வெளிப்படையாகப் பெற்றார். நேற்று விலக்கப்பட்டவர் இன்று முடிசூடினார். அவரது ஆட்டமோ குணமோ மாறியதன்று, நியமமே மாறியது.

கிருஷ்ணனின் மைந்தர் ரமேஷ் இப்புதுக்காலத்திற்கு உரியவர். 1979-ல் தந்தையாரைப் போலவே விம்பிள்டன் சிறுவர் பட்டம் பெற்று, பின்னர்த் தொழிலாட்டக்காரராகவே வாழ்ந்தார். 1985-ல் உலக வரிசையில் 23-ஆம் இடத்தை எட்டினார். 1986-ல் விம்பிள்டன் காலிறுதி வரை சென்றார். 1987-ல் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே வென்று டேவிஸ் கோப்பை இறுதியை அடைந்தபொழுது, முடிவான ஐந்தாம் ஆட்டத்தை வென்றவர் அவரே. தந்தையார் ஊதியத்தை மறுத்து நாட்டிற்கு ஆற்றிய பணியை, மைந்தர் ஊதியம் பெற்றுக்கொண்டே ஆற்றினார். மென்மையான ஆட்டமுறையும் இருவர்க்கும் ஒன்றே.

ஆதலின் நாம் தெளிய வேண்டுவது இது. ஒரு தொழிலின் மேன்மை, அதற்குப் பொருள் கிடைக்கின்றதா என்பதில் இல்லை. பொருள் ஒன்றற்காக வேறெதனை இழக்கின்றோம் என்பதில் உள்ளது. 1959-ல் கிருஷ்ணன் முன்னிருந்த துலாக்கோலின் ஒரு தட்டில் ஏழு லட்சமும், மறு தட்டில் விம்பிள்டனும் நாட்டின் சார்பாக ஆடும் உரிமையும் இருந்தன. ரமேஷ் முன் அத்தகைய துலாக்கோலே இல்லை. எனவே ஒருவரைத் தியாகியென்றும் மற்றவரைக் கூலியாளென்றும் கூறுதல் நடுநிலையாகாது. பந்தாட்டமாயினும், வைத்தியமாயினும், ஆசிரியத் தொழிலாயினும், அதனிற் புகும் மாணவன், பெறுவது இன்னது, விடுவது இன்னது என முன்னரே எண்ணித் துணிவானாக. துணிந்தபின் 5-2 எனப் பின்தங்கிய வேளையிலும் தளராது ஆடுவானாக.