கால்மிதியும் மிதிகட்டையும்



தம்பி, சென்ற வாரம் உன் பட்டறைக்கு வந்திருந்தபோது, நீ ஒரு வண்டிக்கடியில் படுத்திருந்த அரைமணி நேரத்தைப் போக்குவதற்காக மேஜைமேல் கிடந்த ஜாப் கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்று மட்டும் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. "ஆக்ஸிலரேட்டர் சில சமயம் திரும்ப வருவதில்லை, வண்டி தானாக ரேஸ் ஆகிறது" என்று வண்டிக்காரர் சொன்னதை ஒரு வரியில் எழுதி, அதற்கு நேரே, "ஓட்டிப் பார்த்தேன், குறை இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தாய். பையன்கள் முன்னிலையில் கேட்டால் உன் முகம் வாடுமே என்று அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது பெயரைச் சொல்லாமல் பத்திரிகை வாயிலாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இப்படி ஒரு வரியைத் தன் வாழ்நாளில் எழுதாத மெக்கானிக்கை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் வண்டிகளே தெருவெல்லாம் ஓடிய காலத்தில், ஒரு டாக்டர் தம் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆக்ஸிலரேட்டர் சற்று முரண்டு பிடிக்கிறது என்றார். பெடலிலிருந்து கார்புரேட்டர்வரை உறைக்குள் ஓடும் கேபிளைக் கழற்றி, வளைத்து, விரலால் நீவிப் பார்த்து, இழை பிரிந்திருக்கிறதா என்று அறிந்துகொள்வதற்குக் கால்மணி நேரம் போதுமாயிருந்தும், அன்று தீபாவளிக்கு முந்திய வாரமாகையால், வெளியே தெரிந்த நுனியில் கிரீஸைத் தடவி, நாலுமுறை மிதித்துக் காட்டி அனுப்பிவிட்டேன். கிரீஸ் புழுதியைத் தேடிப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் வஸ்து. இரண்டும் சேர்ந்தால் உறைக்குள் சேறாகிக் கெட்டிப்பட்டுவிடும். ஒரு மாதம் கழித்து, மூடிக்கொண்டிருந்த ரயில்வே கேட்டை நெருங்கும் சமயத்தில் டாக்டர் காலை எடுத்தார். வண்டியின் வேகம் குறையவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துத் தப்பித்தவர், மறுநாள் என்னிடம் வந்து கோபிக்கவில்லை. "அந்தக் கேபிளை நீ கழற்றிப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். நாலுபேர் கூடி வைதிருந்தால் அது என்றோ மறந்து போயிருக்கும்.

இனி, உலகம் அறிந்த ஒரு கதை. 2009-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், சான் டியாகோவை அடுத்த சான்டீ என்னும் ஊரில், நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர், தம் சொந்த வண்டி சர்வீஸில் இருந்தமையால் விற்பனை நிலையத்தார் இரவலாகக் கொடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350 காரில் குடும்பத்தாருடன் போய்க்கொண்டிருந்தார். வண்டி மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று காருக்குள்ளிருந்தே அவசர உதவிக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். சாலை முடியுமிடத்தில் இன்னொரு வண்டியில் மோதி, கரையைத் தாண்டிப் பாய்ந்து, தீப்பற்றி, நால்வரும் மாண்டார்கள். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதையே உத்தியோகமாகக் கொண்டவர் அவர். ஓட்டத் தெரியாதவர் என்று அவர்மேல் பழி போட யாருக்கும் நா எழாது. விசாரித்துப் பார்த்ததில், வேறொரு பெரிய மாதிரிக்கென்று செய்த கெட்டி ரப்பர் கால்மிதி அந்த வண்டியில் கிடந்ததும், அதைத் தரையோடு பிடித்து வைக்க வேண்டிய கொக்கிகள் மாட்டப்படாமல் இருந்ததும், நழுவி முன்னேறிய அதன் விளிம்பு ஆக்ஸிலரேட்டர் மிதிகட்டையைக் கவ்விக்கொண்டதும் தெரியவந்தன.

இதுவரை சொன்னதைப் பத்திரிகை படித்தவர் எல்லோரும் அறிவர். நீ அறிய வேண்டியது இதற்கு அடுத்தது. அதே வண்டியைச் சில நாட்களுக்கு முன் இரவல் வாங்கிப் போன இன்னொரு வாடிக்கையாளருக்கும் இதே விபரீதம் நேர்ந்திருக்கிறது; அவர் எப்படியோ வண்டியை நிறுத்தி, குனிந்து பார்த்து, கால்மிதி பெடலைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு விடுவித்து, வண்டியைத் திருப்பிக் கொடுக்கையில் வரவேற்பிலிருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லியும் போயிருக்கிறார். அந்தச் சொல், கொக்கியை மாட்ட வேண்டியவனின் காதுவரை வந்து சேரவில்லை. ரப்பரின் மேலும் கொக்கியின் மேலும் எவ்வளவு குற்றம் சொன்னாலும் தகும். ஆனால் நாலு உயிர் போனதற்கு மேஜைக்கும் பட்டறைக்கும் இடையிலிருந்த அந்தச் சில அடி தூரமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ரப்பர் கால்மிதிகளைப் பற்றி 2007-லேயே, லெக்ஸஸைத் தயாரிக்கும் டொயோட்டா ஸ்தாபனத்தார் எச்சரித்துச் சிலவற்றைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சான்டீ விபத்துக்குப் பின் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பல மாதிரிகளில் மிதிகட்டையின் அடிப்பாகத்தையே வெட்டிக் குட்டையாக்கினார்கள்.

2010 ஜனவரியில் 23 லட்சம் வண்டிகளை அவர்கள் அழைத்தது வேறொரு வியாதிக்காக. இக்காலத்து வண்டியில் கேபிள் இல்லை. பெடலில் இருக்கும் உணர்கருவி கணினிக்குச் செய்தி சொல்ல, மோட்டார் ஒன்று எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டிலைத் திறக்கிறது. கேபிள் போனதும் காலுக்குப் பழகிய அந்த இறுக்கமும் போய்விட்டது. மிதித்தால் பஞ்சை மிதித்தது போலிருக்கும். ஆகவே, பழைய உணர்ச்சி காலுக்குக் கிடைக்க வேண்டுமென்று, பெடலுக்குள் உராய்வுக்கென்றே ஒரு துண்டை அமைத்தார்கள். உராய்வை ஒழிப்பதற்கு எண்ணெயும் கிரீஸுமாக ஆயுளைக் கழித்த எனக்கு, உராய்வைக் கூலி கொடுத்து வரவழைத்த இந்த விநோதம் இன்றும் சிரிப்பை மூட்டுகிறது. நாளாக ஆக அந்தத் துண்டு தேய்ந்தும், ஈரம் படிந்தும், பெடலை மெதுவாகத் திரும்பும்படியோ, பாதியில் நிற்கும்படியோ செய்தது. எஃகினால் ஆன மெல்லிய தகடு ஒன்றைச் செருகிக் குணப்படுத்தினார்கள்.

கணினிதான் காரணம் என்று ஜனங்கள் பலமாகச் சந்தேகித்தபடியால், நாசா நிபுணர்களையே துணைக்கு வைத்துக்கொண்டு அமெரிக்க அரசாங்கம் பரிசோதித்தது. அத்தகைய அபாய வேகத்தை உண்டாக்கும் மின்னணுக் குறை எதுவும் அகப்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. பிரேக் என்று எண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்தவர்களும் பலர் இருக்க வேண்டும் என்றார்கள். ஆடி (Audi) கார்கள் தாமாகவே வேகமெடுக்கின்றன என்று எழுந்த கூச்சலுக்குப் பிறகு 1989-ல் வந்த அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தது. இதைப் படித்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் "உங்கள் கால்தான் தப்பு" என்று சொல்லப் புறப்பட்டுவிடாதே. கால் தவறுவது உண்மை. ஆனால் அது பரிசோதனையின் முடிவில் வர வேண்டிய வார்த்தை. பொதுமக்களைத் தவறான எண்ணத்தில் வைத்திருந்ததற்காக டொயோட்டா ஸ்தாபனம் 2014-ல் 120 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டதையும் சேர்த்தே ஞாபகத்தில் வைத்துக்கொள்.

நம் ஊர் வண்டிகளின் காலடியைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்கிறது. கம்பெனி கொடுத்த கம்பளத்தின்மேல் ரப்பர், ரப்பரின்மேல் தேங்காய்நார், மழைநாளில் அதன்மேல் செய்தித்தாள் என்று, கல்யாணவீட்டு ஜமக்காளம் போல் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து வைத்திருக்கிறார்கள். வாட்டர் வாஷ் செய்யும் பையன் அத்தனையையும் வெளியே எடுத்து உதறிக் காயவைத்து, திரும்பப் போடும்போது கொக்கியை நினைப்பதில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று இருக்கைக்கடியில் உருண்டுகொண்டிருக்கும். அது முன்னால் வந்து பிரேக்குக்கு அடியில் நின்றால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால், ஆக்ஸிலரேட்டர் சிக்குகிறது என்று ஒருவர் சொன்னால், ஓட்டிப் பார்ப்பது முதல் வேலையன்று. சிக்கும்போது சிக்குமே ஒழிய, நீ ஓட்டும் பத்து நிமிஷத்தில் சிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதற்கில்லை. எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து, மண்டியிட்டு உட்கார். கால்மிதி கிடக்கிறபடியே பெடலைக் கையால் கடைசிவரை அழுத்தி விடு. விளிம்பு எங்கே உரசுகிறது என்று பார். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி அழுத்து. நிதானமாகவும் விட்டுப் பார், சட்டென்றும் விட்டுப் பார். பழைய வண்டியானால் கேபிளையும் திரும்பு ஸ்பிரிங்கையும், எந்த வண்டியானாலும் திராட்டில் வாயில் கரி படிந்து தகடு ஒட்டுகிறதா என்பதையும் கவனி. அந்த வண்டிக்கென்று செய்த ஒரே ஒரு கால்மிதியைக் கொக்கியில் மாட்டி, கையால் முன்னே இழுத்துப் பார்த்த பிறகு சாவியைக் கொடு.

கொடுக்கும்போது வண்டிக்காரருக்கும் சொல்லி அனுப்பு. ஓடும் வண்டியில் பெடல் சிக்கினால் குனிந்து கால்மிதியைப் பிடுங்கப் போகலாகாது. பிரேக்கை ஒரே மூச்சில் பலமாக அழுத்தி, அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. திராட்டில் முழுக்கத் திறந்திருக்கையில் பெட்ரோல் எஞ்சினில் வெற்றிடம் உண்டாகாது. பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடச் சேமிப்பு இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். கையால் கியர் போடும் வண்டியானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கும், ஆட்டோமேட்டிக்கானால் நேரே நியூட்ரலுக்கும் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் அலறும், அலறட்டும், எஞ்சினுக்கு மாற்று உண்டு. ஓரமாக நின்றபின் அணைக்கலாம். ஓடும்போதே சாவியைக் கடைசிவரை திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சாவிக்குப் பதில் பொத்தானால் கிளப்பும் வண்டிகளில் ஓட்டத்தின்போது ஒருமுறை தொட்டால் அணையாது. அந்த லெக்ஸஸில் மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. மரணத்தின் முன்னால் மூன்று விநாடி ஒன்றையே அழுத்திக்கொண்டிருக்க, முன்கூட்டி அறியாத எவனுக்குத் தோன்றும்?

உன் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. என்னைவிட நீ நன்றாக எஞ்சின் இறக்குகிறாய். அந்த ஜாப் கார்டில் வண்டிக்காரரின் தொலைபேசி எண் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் அவரைக் கூப்பிட்டு, வண்டியை மறுபடி கொண்டுவரச் சொல். கொண்டுவரும்வரை ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியை எடுத்து டிக்கியில் போட்டுவைக்கச் சொல்.