கதவும் கதையும்: புனைகதையைப் பேச உதவும் சொற்கள்

சிறுகதை ஒன்றைப் படித்து முடித்த மாணவரிடம் 'கதை எப்படி இருந்தது?' என்று வினவினால், 'நன்றாக இருந்தது' என்னும் விடை உடனே கிடைக்கும். 'எது நன்றாக இருந்தது?' என்று அடுத்து வினவினால் பேச்சு நின்றுவிடும். மனம் உணர்ந்திருக்கும், உணர்ந்ததைச் சுட்டுவதற்கான சொல் கைவசம் இராது. அத்தகைய சொற்கள் சிலவற்றை, கி. ராஜநாராயணன் எழுதிய 'கதவு' என்னும் சிறுகதையைத் துணைக்கொண்டு இப்பாடம் விளக்குகிறது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்த இவ்வெழுத்தாளர், 1991ஆம் ஆண்டு 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் புதினத்திற்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், 2021இல் மறைந்தார்.

கதையின் சுருக்கம் வருமாறு. ஓர் ஏழை வீட்டின் கதவைப் பேருந்தாகக் கொண்டு சிறுவர்கள் விளையாடுகின்றனர். அவ்வீட்டுக் குழந்தைகள் லட்சுமி, சீனிவாசன், ஒரு கைக்குழந்தை. தந்தை மணிமுத்தாற்றுக்கு வேலைக்குச் சென்றுள்ளார், பணம் வரவில்லை. தீர்வை கட்டாமையால் தலையாரியும் சிலரும் வந்து கதவைக் கழற்றிச் செல்கின்றனர். கதவில்லாத வீட்டில் குளிர்காற்று புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னொரு நாள், ஊர்ச் சாவடியருகே தங்கள் கதவு கிடப்பதைச் சீனிவாசன் காண்கிறான். குழந்தைகள் ஓடிச்சென்று அதனைக் கட்டிக்கொள்கின்றனர்.

கதையும் கதைப்பின்னலும்

நிகழ்ச்சிகளை நிகழ்ந்த வரிசையில் சொல்வது கதை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகுமாறு அவற்றை இணைப்பது கதைப்பின்னல். இவ்வேறுபாட்டை ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஹட் பேயில் வாழும் மாணவருக்கு அதனை இவ்வாறு சொல்லலாம். 'போர்ட் பிளேயரிலிருந்து கப்பல் வரவில்லை. கடையில் தக்காளி இல்லை.' இது கதை. 'கடல் கொந்தளித்ததால் கப்பல் வரவில்லை. கப்பல் வராததால் கடையில் தக்காளி இல்லை.' இது கதைப்பின்னல். 'அப்புறம்?' என்று கேட்கவைப்பது முன்னது, 'ஏன்?' என்று கேட்கவைப்பது பின்னது.

'கதவு' கதையில் இந்த 'ஏன்' ஒரு சங்கிலியாக நீள்கிறது. பணம் வராமையால் தீர்வை நிற்கிறது. தீர்வை நின்றமையால் கதவு போகிறது. கதவு போனமையால் குளிர் நுழைகிறது. இச்சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் கொடியவன் ஒருவன் நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தலையாரியும் தமக்கு இடப்பட்ட வேலையையே செய்கிறார்.

களம்

கதை நிகழும் இடமும் காலமும் சேர்ந்தது களம். தமிழுக்கு இக்கருத்து புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் கூறுகிறது. ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்குரிய உணர்வையும் அது வகுத்துள்ளது. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய உணர்வு இரங்கல், அதாவது பிரிவால் வருந்துதல். கப்பலை எதிர்பார்த்து ஹட் பே ஜெட்டியில் நின்றவர்களுக்கு, பழந்தமிழர் கடற்கரையோடு அவ்வுணர்வை ஏன் இணைத்தனர் என்பதை நெடிது விளக்க வேண்டியதில்லை.

'கதவு' கதையின் களம் மழை குறைந்த கரிசல் நிலம். அங்கே குளிர்காலமும் வறுமையும் ஒருசேர வருகின்றன. இதே கதையை ஹட் பேயில் நிகழ்த்தினால் கதவு போன வீட்டிற்குள் குளிர்காற்றுக்கு மாறாகப் பெருமழையின் சாரல் புகும். பின்வரும் நிகழ்ச்சிகளும் மாறும். மாற்றினால் கதையே மாறிவிடுமாயின் அது களம். மாற்றியும் ஒன்றும் மாறாதெனில் அது வெறும் இடப்பெயர்.

மாந்தர்

கதையில் வருவோர் கதைமாந்தர். ஒரே பண்பினராய்த் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாது நிற்போரைத் தட்டை மாந்தர் என்றும், பல பண்புகள் கலந்து, நம்மை வியக்கவைக்கும்படி மாறுவோரை முழு மாந்தர் என்றும் திறனாய்வாளர் பிரிப்பர். தட்டை மாந்தர் என்பது குறை கூறும் சொல்லன்று. பத்துப் பக்கக் கதையில் எல்லாரும் முழு மாந்தராக இருந்தால் படிப்பவர்க்கு மூச்சு முட்டும்.

'கதவு' கதையில் மாணவர் பலர் எண்ண மறக்கும் மாந்தர் ஒருவர் உண்டு. அவர் தந்தை. அவர் கண்முன் வருவதேயில்லை. ஆயினும் அவர் இல்லாமையே கதையை நடத்துகிறது. அவர் ஏன் பணம் அனுப்பவில்லை? வேலை கிடைக்கவில்லையா, நோயுற்றாரா? கதை விடை சொல்லவில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், கதவு இருந்த வீட்டிலிருந்து மட்டுமன்றி மணிமுத்தாற்றிலிருந்தும் இக்கதையைப் பார்க்க வல்லவர்கள். ஊரிலிருப்போர் பணத்தை எதிர்நோக்கியிருப்பதையும், அனுப்புவோர் படும் பாட்டையும் அவர்கள் ஒரே வீட்டுப் பேச்சில் கேட்டிருப்பர்.

நோக்குநிலை

யார் கண்வழியாகக் கதை காட்டப்படுகிறது என்பதே நோக்குநிலை. இச்சொற்களுள் மிகவும் பயன்படுவதும், மாணவர் மிகுதியாகத் தவறவிடுவதும் இதுவே.

'நான்' என்று கதைமாந்தர் ஒருவரே சொன்னால் அது தன்மை நோக்குநிலை. வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளிவந்தது. தமிழின் முதற் சிறுகதை எனப் பலரால் போற்றப்படும் அக்கதையில் 'நான்' என்று பேசுவது ஒரு மரம்! ருக்மிணி என்னும் பெண்ணின் வாழ்வை அது சொல்கிறது. மரம் இடம்விட்டு நகர முடியாது. குளத்தங்கரையில் கண்டதையும், அங்கு வருவோர் பேசக் கேட்டதையுமே அதனால் சொல்ல இயலும். சொல்பவரைத் தேர்ந்தெடுத்தவுடன், படிப்பவர் எவற்றை அறியலாம், எவற்றை அறிய இயலாது என்பதற்கும் எல்லை விழுந்துவிடுகிறது.

'கதவு' படர்க்கையில் சொல்லப்படுகிறது. ஆயினும் சொல்பவர் பெரும்பாலும் குழந்தைகளின் அருகிலேயே நிற்கிறார். தலையாரி கதவைத் தூக்கிச் செல்லும்போது, குழந்தைகள் அதனையும் ஒரு விளையாட்டாக எண்ணி மகிழ்ச்சியோடு பின்செல்கின்றனர். அவர்களுக்கு அது ஊர்வலம். படிப்பவர்க்கோ அது பேரிழப்பு என்று தெரியும். மாந்தர் அறியாததைப் படிப்பவர் அறிந்திருப்பதால் எழும் இவ்விளைவு முரண்நகை எனப்படும். ஆசிரியர் 'ஐயோ பாவம்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாலும் அது சிதைந்திருக்கும். குழந்தையின் இறப்பையும் கதை மிகச் சுருக்கமாகவே சொல்லிக் கடக்கிறது.

கருவும் குறியீடும்

ஒரு சொல் மயக்கத்தை இங்கே தீர்த்துக்கொள்ளுதல் நலம். தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் என்பது அந்தந்த நிலத்திற்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை முதலியன. இக்காலத் திறனாய்வில் கதைக்கரு என்பது கதையின் உள்ளே இயங்கும் மையக் கருத்து. தேர்வில் இவ்விரண்டையும் கலந்து எழுதுவோர் உளர்.

கதைக்கருவை ஒரு சொல்லால் எழுதிவிடக் கூடாது. 'வறுமை' என்பது பொருள், கரு ஆகாது. 'வறுமை, தான் நுழைந்த வீட்டுக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளையும் காவலையும் ஒன்றாகவே பறித்துச் செல்கிறது' என்று முழு வாக்கியமாக எழுதும்போதுதான் கரு புலப்படும். வேறொரு மாணவர் வேறொரு வாக்கியம் எழுதலாம். கதையிலிருந்து சான்று காட்ட முடிந்தால் அதுவும் ஏற்கத்தக்கதே.

கதவு முதலில் பேருந்து; பின்னர் வரிக்கு ஈடான மரப்பலகை; குளிர் புகும்போது அது இல்லாத காவல்; இறுதியில் பிரிந்து கிடைத்த உறவு. இவ்வாறு ஒரு பொருள் தன்னைக் கடந்து வேறொன்றையும் உணர்த்துமாயின் அது குறியீடு. கதையில் வரும் ஒவ்வொரு பொருளையும் குறியீடாக்க முயல வேண்டா. சில இடங்களில் கஞ்சி வெறும் கஞ்சிதான்.

பயிற்சி

1. குழந்தைகள் சாவடியருகே கதவைக் காணும் நிகழ்ச்சியைத் தலையாரியின் தன்மை நோக்குநிலையில் பத்து வரிகளில் எழுதுக. எழுதியபின், அவரால் அறிய முடியாத செய்தி ஏதேனும் அதில் நுழைந்துள்ளதா எனச் சரிபார்க்க.

2. தந்தை மணிமுத்தாற்றிலிருந்து எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த மடல் ஒன்றைப் புனைந்து எழுதுக.

3. ஹட் பே ஜெட்டியைக் களமாகக் கொண்டு, 'கப்பல் இன்று வராது' என்னும் அறிவிப்பிலிருந்து தொடங்கும் கதைப்பின்னல் ஒன்றை ஐந்து வாக்கியங்களில் அமைக்க. ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதன் விளைவாக அமைதல் வேண்டும்.