கையெழுத்து வேறு... சம்மதம் வேறு!

ஆபரேஷன் என்றதும் ஆஸ்பத்திரியில் முதலில் நீட்டுவது ஒரு காகிதம். "இங்கே ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்பார்கள். படித்தவர்களும்கூட அதைப் படிக்காமல்தான் போட்டுக் கொடுக்கிறோம். 'டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?' என்ற எண்ணம்!

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, அது எந்த மொழியில் இருக்கிறது, எந்த நேரத்தில் நீட்டப்படுகிறது... இந்த மூன்று கேள்விகளுக்காகவே ஒரு பெரிய போராட்டம் நடந்திருக்கிறது. நடத்தியவர்கள் அமெரிக்காவில் வாழும் லத்தீனா பெண்கள். மெக்ஸிகோ, போர்ட்டோ ரிக்கோ போன்ற ஸ்பானிஷ் பேசும் பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பெயர். குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது.

பிரசவ வலியில் ஒரு படிவம்

1970-களின் தொடக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெரிய அரசு மருத்துவமனை. மெக்ஸிகோவிலிருந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பப் பெண்கள் பிரசவத்துக்கு அங்கேதான் வருவார்கள். பலருக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். பிரசவம் சிக்கலாகி அவசரமாக சிசேரியன் செய்ய வேண்டிய நேரத்தில், வலியில் துடித்துக் கொண்டிருந்தவர்களிடம் ஆங்கிலத்தில் இருந்த படிவங்களை நீட்டினார்கள். சிசேரியனோடு சேர்த்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் அதில் கையெழுத்து வாங்கப்பட்டது. மருந்து மயக்கத்தில் போட்டவர்களும் உண்டு, புரியாமல் போட்டவர்களும் உண்டு. ஒரு பெண் பிரசவத்துக்குப் பிறகு, "கர்ப்பத் தடைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கப் போனபோதுதான், இனி அதற்கு அவசியமே இல்லை என்பது அவருக்குத் தெரிய வந்தது!

'கட்டினதை அவிழ்க்கலாமே!'

இங்கே கொஞ்சம் உடற்கூறு பார்ப்போம். சினைப்பையிலிருந்து முட்டை கருப்பைக்கு வரும் வழி கருக்குழாய். கருத்தரிப்பு நிகழ்வதும் அங்கேதான். அந்தக் குழாயை வெட்டியோ கட்டியோ அடைப்பதுதான் இந்த ஆபரேஷன். சினைப்பை அப்படியே இருக்கும், மாதவிலக்கும் வழக்கம்போல வரும். அதனால்தான் சிலருக்கு விஷயமே தெரியாமல் போனது. குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் உண்டு என்றாலும், அது வெற்றி பெறும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே இதை நிரந்தர முறை என்றே எண்ண வேண்டும். அந்தப் பெண்களில் சிலரோ, 'கட்டுறது' என்றால் பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார்கள். ஒரே ஒரு சொல்... அதைப் பக்குவமாக விளக்கிச் சொல்ல அங்கே ஆள் இல்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். சிசேரியன் உயிர் காக்கும் அவசரமாக இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் அந்த மாதிரி அவசரம் கிடையாது. அதை யோசித்து, வீட்டில் பேசி, பிறகு முடிவு செய்யலாம்.

வீடு வீடாக ஒரு இளம் வக்கீல்

அதே மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட் இதைப் பார்த்து மனம் பொறுக்காமல் விவரங்களைத் திரட்டி வெளியே கொண்டு வந்தார். சட்டப் படிப்பு முடித்துச் சில காலமே ஆகியிருந்த அன்டோனியா எர்னாண்டஸ் அந்தப் பெண்களைத் தேடி வீடு வீடாகப் போனார். அவரும் மெக்ஸிகோவில் பிறந்தவர். தங்களுக்கு என்ன நடந்தது என்பதே சிலருக்கு அவர் சொல்லித்தான் புரிந்தது. வெளியே சொல்ல வெட்கம், கணவருக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். அத்தனையும் தாண்டி 10 பெண்கள் முன்வந்தார்கள். 1975-ல் வழக்கு பதிவானது. 'மாட்ரிகல் எதிர் குவில்லிகன்' என்பது அதன் பெயர். 1970-ல் தொடங்கப்பட்ட 'கமிஷன் ஃபெமினில்' என்ற மெக்ஸிகோ வம்சாவளிப் பெண்கள் அமைப்பு துணைக்கு நின்றது. அதன் தலைவிகளில் ஒருவர் குளோரியா மோலினா.

1978-ல் தீர்ப்பு வந்தது. பெண்கள் தோற்றுப் போனார்கள்! டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும் இடையே பேச்சு சரியாகப் புரியாமல் போனதன் விளைவு இது, டாக்டர்கள் மேல் குற்றமில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். பேச்சு புரியவில்லை என்றால் சம்மதம் எங்கிருந்து வந்தது?

தோற்ற வழக்கு, ஜெயித்த விதி

வழக்கு தோற்றாலும் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஸ்பானிஷ் மொழியிலும் படிவங்கள் வந்தன. அதே காலத்தில் நாட்டின் மறுகோடியில், நியூயார்க்கில், இன்னொரு பெண்மணி இதற்காகவே உழைத்துக் கொண்டிருந்தார். போர்ட்டோ ரிக்கோ வம்சத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹெலன் ரோட்ரிகஸ் ட்ரியாஸ். போர்ட்டோ ரிக்கோ தீவில் 1965-ல் நடந்த ஓர் ஆய்வில், குழந்தை பெறும் வயதிலிருந்த திருமணமான பெண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த ஆபரேஷன் நடந்திருப்பது தெரிய வந்தது. அங்கே இதற்கு 'லா ஓபராசியோன்' என்றே பேர். அதாவது, 'ஆபரேஷன்' என்றாலே இதுதான்! விரும்பிச் செய்துகொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் மற்ற வழிகளைச் சரியாகச் சொல்லாமல், ஒரே வழியை மட்டும் காட்டினால் அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? டாக்டர் ஹெலனும் தோழிகளும் சங்கம் அமைத்துப் போராடினார்கள். அதன் பலனாக, 1975-ல் நியூயார்க் மாநகர அரசு மருத்துவமனைகளுக்குப் புது விதிகள் வந்தன.

1978-ல் அமெரிக்க மத்திய அரசும் விதிகளை வெளியிட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்களுக்கு அவை பொருந்தும்:

* பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.
* சம்மதம் கொடுத்து 30 நாள் கழிந்த பிறகே ஆபரேஷன். (குறைமாதப் பிரசவம் போன்ற சில நிலைகளில் 72 மணி நேரம்.)
* பிரசவ வலியிலோ மருந்து மயக்கத்திலோ கையெழுத்து வாங்கக் கூடாது.
* அவரவருக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். தேவையானால் மொழிபெயர்ப்பவரை வைக்க வேண்டும்.
* வேண்டாம் என்றாலும் அரசு உதவித் தொகை நிற்காது என்று சொல்ல வேண்டும்.

டாக்டர் ஹெலன் 1993-ல் அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் லத்தீனா அவர்தான். குளோரியா மோலினா 1991-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நிர்வாகக் குழுவுக்குத் தேர்வானார். அந்த மருத்துவமனையை நடத்துவதே அந்தக் குழுதான்! 2018-ல் அதே குழு, பாதிக்கப்பட்ட பெண்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. தீர்ப்பு வந்து 40 வருஷம் கழித்து!

சித்த மருத்துவம் சொல்வது

எங்கள் சித்த மருத்துவத்தில் நோயை அறிய எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாடி பார்ப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதே வரிசையில் 'மொழி'யும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நோயாளியின் குரலையும் பேச்சையும் காது கொடுத்துக் கேட்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதி. எந்த வைத்திய முறைக்கும் இது பொருந்தும். நோயாளி பேச வேண்டும், வைத்தியர் கேட்க வேண்டும். வைத்தியர் சொல்வது நோயாளிக்குப் புரிய வேண்டும். புரிந்ததா என்று வைத்தியர் திரும்பக் கேட்கவும் வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

1. இந்த ஆபரேஷனில் என்ன செய்யப் போறீங்க? எதை எடுக்கறீங்க, எதை வைக்கறீங்க?
2. இது நிரந்தரமா? பிறகு மாற்ற முடியுமா?
3. வேறு வழி இருக்கா? தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?
4. இந்தப் படிவத்தில் எத்தனை சிகிச்சைக்குச் சம்மதம் கேக்கறீங்க?
5. தமிழில் சொல்ல முடியுமா?

பதிலைக் கேட்டதும், "அப்போ நீங்க சொல்றது இதுதானே டாக்டர்?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கர்ப்பிணிகள் இதையெல்லாம் எட்டாவது மாதத்திலேயே கேட்டு முடித்துவிடுவது நல்லது. வலி வந்த பிறகு கேட்கத் தோன்றாது.

வீட்டு ஆண்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்து யார் போடுவது என்று நீங்கள் பேசி முடிவெடுக்கும் முன், படுத்திருப்பவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். உடம்பு அவளுடையது.