ஊரும் இல்லம்

உறைவதற்கு இல்லம், ஊர்வதற்கு ஊர்தி என இரண்டையும் வேறு வேறாக வைத்துக்கொள்வதே உலக வழக்கு. ஆயினும், இவ்விரண்டையும் ஒன்றாக்கி வாழ்ந்தோரும் நம் நாட்டில் பண்டு இருந்தனர். கடற்கரைக் கழிகளில் விளைந்த உப்பை உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்ற உமணர் என்போரே அவர். காஞ்சியிலிருந்து தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டிகளை நாம் கண்ணாரக் காணலாம். வண்டியின்மேல் கூரை வேயப்பட்டிருக்கிறது. கோழிகள் அடையக் கூடு இருக்கிறது. சிற்றுரல் ஒன்று தொங்குகிறது. ஊறுகாய்ப் பானை கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர் பக்கத்தே காவலாக நடக்கின்றனர். அடுக்களையும் தொட்டிலும் கோழிக்கூடும் சக்கரத்தின்மேல் ஏறிவிட்டன என்றால், அதனை வீடு என்னாது வேறு என்னென்பது?

உமணர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்ச் செல்லும். அவ்வரிசைக்கு 'ஒழுகை' என்று பெயர். பாரசீக மொழியிலும் வழிச்செல்லும் வணிகர் கூட்டத்துக்குக் 'கார்வான்' என்று ஒரு பெயர் உண்டு. அச்சொல் ஆங்கிலத்தில் புகுந்து 'கேரவன்' ஆயிற்று. கூட்டத்தைக் குறித்த சொல் நாளடைவில் ஒரு தனி வண்டியைக் குறிக்கலாயிற்று. பின்னர் அதன் தலை தேய்ந்து வால் மட்டும் நின்று 'வேன்' ஆயிற்று. நெடும்பயணம் செய்தால் சொற்களும் தேயும் போலும்!

தொண்டை நாட்டின் அப்பகுதியிலேதான் இன்றைய தாம்பரமும் இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் எனத் தெற்கு நோக்கி நீளும் ஜி.எஸ்.டி. சாலையில், எருதுகளுக்குப் பதிலாக டீசல் எஞ்சின் பூட்டிய வீடுகள் இக்காலத்தில் இடையிடையே செல்கின்றன. திரைப்பட நடிகர்க்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட கேரவனைத் தம் குடும்பத்தோடு நாடு சுற்றும்பொருட்டுச் சொந்தமாக வைத்துக்கொள்வோரும் தோன்றியுள்ளனர். மோட்டார் வண்டி இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. குரோம்பேட்டையில் 1949 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி, மோட்டார் வண்டிப் பொறியியலைத் தொடக்க நாளிலேயே ஒரு பாடமாகக் கற்பித்தது. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து ஹெரால்டு கார்கள் 1961 முதல் வெளிவந்தன. அத்தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின. எனினும் அங்குப் பிறந்த கார்களுள் சில, பேணுவோர் கையில் இன்னும் ஓடுகின்றன. செய்தவன் மறைந்த பின்னும் பொருள் வாழ்வது உரியவனின் பேணுதலால் என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டுவதில்லை.

இனி, இவ்வீட்டை இழுக்கும் எஞ்சினைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். 1858 இல் பாரிசு நகரில் பிறந்த ருடால்பு டீசல் என்னும் செருமானியப் பொறியாளர், 1897 இல் ஆக்சுபர்க்கு நகரில் தம் எஞ்சினை வெற்றியுற இயக்கிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தெறித்து எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ மின்பொறி இல்லை. உருளைக்குள் புகுந்த காற்றை உந்துதண்டு ஏறத்தாழ 16 இல் ஒரு பங்காக நெருக்குகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறே நெருக்குண்ட காற்று 500 பாகைக்கு மேல் வெம்மையுறுகிறது. அவ்வேளையில் நுண்துளைகளின் வழியே டீசல் பனிபோல் தூவப்படத் தானே பற்றி எரிகிறது. 1900 ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயாலும் ஓடியது. அச்செய்தி கடலை விளைக்கும் நம் உழவர்க்கு இனிக்கும்.

டீசலைத் தூவும் கருவியை இன்ஜெக்டர் என்பர். அதன் துளைகள் தலைமயிரினும் பெரிதும் தடித்தன அல்ல. ஆகவே, இவ்வெஞ்சினுக்குப் பெரும்பகை அழுக்கும் நீருமே ஆகும். பாதி வெறுமையான டாங்கியில் காற்று நிற்கிறது. கடலுக்கு அணித்தான சென்னைப் புறநகரில் அக்காற்றில் ஈரம் மிகுதி. இரவில் அது குளிர்ந்து துளிகளாகி, டீசலினும் கனமாதலின் அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் கூடும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசிபோல் வழுவழுப்பான கசடாகி ஃபில்டரை அடைக்கின்றன. இதனைத் தடுக்கும் வழி எளிது. நெடுநாள் நிறுத்துமுன் டாங்கியை நிரப்பிவிட்டால் ஈரக்காற்றுக்கு இடமில்லை. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதனைச் செய்யாது விட்டார்க்கு இன்ஜெக்டர் மாற்றும் செலவு நேர்கிறது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குக. ஓடுவதால் வண்டி தேய்கிறது என்று எல்லாரும் எண்ணுவர். ஊரும் இல்லமோ ஓடாமையாலேயே மிகுதியும் கெடுகிறது. ஆண்டில் இருமுறை விடுமுறைக்குப் புறப்பட்டு, எஞ்சிய நாளெல்லாம் மர நிழலில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். பேட்டரியின் ஆற்றல் தானே குறைகிறது. நன்கு நிறைந்த ஈய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் அதன் தகடுகளில் உப்புப் படிந்து மீளா நிலையை அடையும். இருந்த இடத்திலேயே இருக்கும் டயர் ஒருபுறம் அழுந்துகிறது. பிரேக் துருப்பிடித்துப் பற்றிக்கொள்கிறது. எலி மின்கம்பிகளைக் கடிக்கிறது. கோவளம் பக்கம் கடலோரத்தில் நிறுத்துவார்க்கு உப்புக்காற்று அடிச்சட்டத்தை அரிக்கிறது. உரியவன் சென்று காணாத நிலம், கணவன்மேல் மனைவி ஊடுதல் போல் ஊடிவிடும் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தார். நிலமேனும் அடுத்த மழைக்கு முகம் மலரும். வண்டியின் ஊடல் அத்துணை எளிதில் தீர்வதன்று.

அங்ஙனமாயின், நின்ற இடத்திலேயே எஞ்சினை நாள்தோறும் சிறிது நேரம் ஓடவிட்டால் போதாதோ எனின், போதாது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய டீசல் வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதிக்கு உட்பட்டவை. அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து நிறுத்தும் ஃபில்டர் ஒன்று உண்டு. பிடிபட்ட கரி எரிந்து நீங்க வேண்டுமாயின் புகை மிக்க வெம்மையோடு சற்று நேரம் தொடர்ந்து செல்ல வேண்டும். நின்றபடி உறுமுவதாலும், மாலை நேரத்தில் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஊர்வதாலும் அவ்வெம்மை வாராது. கரி சேர்ந்து குழாய் அடைபடும். செங்கற்பட்டு வரையேனும் சீரான வேகத்தில் மாதம் ஓரிருமுறை ஓட்டிவருவதே தக்கது. அப்பயணத்தில் பேட்டரி நிறையும், டயர் உருளும், பிரேக்கின் துரு தேயும். ஒரு மருந்தில் பல நோய் தீரும் என்க.

டயரைப் பற்றி ஒரு சொல். அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2321 என்றிருந்தால் அது 2021 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். மேடு பள்ளம் தேயாத டயரும் நம் ஊர் வெயிலில் ஆண்டுகள் செல்லச் செல்ல வெடிப்புறும். எனவே தேய்வை மட்டும் பாராது வயதையும் பார்த்தல் வேண்டும். மாற்றுச் சக்கரத்தை நம் ஓட்டுநர் 'ஸ்டெப்னி' என்பர். வேல்சு நாட்டு லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்னும் தெரு ஒன்று உண்டு. 1904 ஆம் ஆண்டளவில் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றனர். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆயிற்று. ஆனால் அக்கருத்து நமக்குப் புதியதன்று. உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைப்பர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். இளைய எருதுகள் நுகம் அறியா; பாரமோ மிகுதி; வழியோ மேடும் பள்ளமும்; என்ன நேருமோ என்று அஞ்சிக் கட்டிய அச்சு அது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அச்சேமவச்சுக்கு ஒப்பிட்டுப் புறநானூற்றில் பாடியுள்ளார். அரசகுமாரனுக்கு உவமையாகும் அளவுக்கு ஒரு மாற்று அச்சு மதிக்கப்பட்டது! இன்று பலர் ஸ்டெப்னியில் காற்றிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

இது வண்டி மட்டுமன்று, வீடும் ஆதலின், உள்ளிருப்போர் உயிரையும் எண்ண வேண்டும். 2024 டிசம்பரில், கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் உயிரற்றுக் கிடந்தனர். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் எனத் தெரியவந்தது. அவ்வளிக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு அடைத்த வண்டிக்குள் உறங்குதல் ஆகாது. அடித்தளத்தில் குழாய்க்கும் கம்பிக்கும் இட்ட துளைகளை இடைவெளியின்றி அடைத்தல் வேண்டும்; அந்நச்சு வளியை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவியும் சிறுவிலைக்கே கிடைக்கிறது. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும் ஆதலின், அது வெளியேறும் வழி தரையை ஒட்டியே அமைதல் வேண்டும். நீர்த்தொட்டியில் 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ எடை ஏறுகிறது என்பதை மறந்து, கட்டிலும் அலமாரியும் மேன்மேலும் ஏற்றுவாரும் உளர். அச்சும் பிரேக்கும் தாங்கும் அளவு எது என்பது பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கிறது.

சான்றைப் பற்றிப் பேசுகையில் ஒன்று. வேன் ஒன்றை வாங்கி விருப்பம்போல் வெட்டி ஒட்டி வீடாக்கிவிட இயலாது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு அதனைக் கட்டுப்படுத்துகிறது. தாம்பரம் வட்டாரத்தார், டி.என். 11 எனத் தொடங்கும் எண்ணைத் தரும் போக்குவரத்து அலுவலகத்தை முன்னரே அணுகுதல் நலம்.

எஞ்சியிருப்பது மழை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. வாயிலில் நின்ற வண்டிகளும் மூழ்கின. நீர் வடிந்தபின், வண்டி ஓடுமா என்று பார்க்கும் ஆவலில் சாவியைத் திருப்புவது இயல்பு. அவ்வொரு திருப்பலே எஞ்சினுக்கு முடிவாகக்கூடும். காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க இயலாது. உருளைக்குள் நீர் நிற்க உந்துதண்டு மேலேறின், அதனைத் தாங்கும் இரும்புக் கோல் வளைந்துவிடும். பெட்ரோல் எஞ்சினினும் மிகுதியாக நெருக்கும் டீசல் எஞ்சினுக்கு இவ்விடர் பெரிது. பொறிக்காப்பு எனத் தனியே சேர்த்துக்கொள்ளாத காப்பீடுகள் இச்சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதுமில்லை. மழை மிகும் என்னும் அறிவிப்பு வந்தவுடனேயே வண்டியை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தவறி மூழ்கிவிட்டால், சாவியைத் தொடாது முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பின் காற்று ஃபில்டரைத் திறந்து பார்த்தால் நீர் எட்டிய உயரம் தெரியும். எஞ்சின் ஆயிலை அளக்கும் கோலை உருவினால், நீர் கலந்த ஆயில் பால்சேர்ந்த தேநீர் போல் வெளுத்துக் காட்டும். டீசலும் ஆயிலும் முற்றும் வடிக்கப்பட்டு, இன்ஜெக்டர்களைக் கழற்றி உருளைக்குள் நின்ற நீர் வெளியேற்றப்பட்ட பின்னரே, தேர்ந்த மெக்கானிக் எஞ்சினைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்.