இரண்டு வீடு கொண்ட பூசணம்

தாவரவியல் மாணவர் எவரும் பக்ஸினியாவின் வாழ்க்கைச் சுழற்சியைத் தம் ரெக்கார்டு நோட்டில் வரையாமல் தப்ப முடியாது. ஒருபுறம் கோதுமைத் தண்டு, மறுபுறம் பார்பெரி இலையின் குறுக்குவெட்டு, இடையே அம்புக்குறிகள். நானும் அப்படித்தான் வரைந்தேன். வரைந்து முடித்தபின் ஓர் ஐயம் எழுந்தது. வட இந்தியச் சமவெளியில் கோதுமை கடல்போல் விளைகிறது. அவ்வயல்களின் ஓரத்தில் பார்பெரிச் செடி கிடையாது. அங்ஙனமாயின் துரு நோய் ஆண்டுதோறும் எங்கிருந்து திரும்பி வருகிறது?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தேர்விலே பலர் குழம்பும் இடம் இது. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலை உண்டாக்கும் வைரஸ், காட்டு வெண்டையிலும் தங்கியிருக்கும். இவ்வாறு பயிருக்கு உறவான செடி நோய்க்கு இடம் கொடுத்தால் அதனைத் துணை ஓம்புயிரி எனலாம். அச்செடி இல்லாவிடினும் நோய்க்கிருமியின் வாழ்க்கையில் எந்தக் கட்டமும் விடுபடாது. மாற்று ஓம்புயிரி என்பது வேறு. அது பயிருக்குச் சற்றும் உறவில்லாத செடி. ஒட்டுண்ணி தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை அங்கேதான் நடத்தியாக வேண்டும். கோதுமை புல்லினம், பார்பெரியோ முட்புதர். கோதுமையில் உண்டாகும் டீலியூட்டோஸ்போர் முளைத்துத் தரும் பேசிடியோஸ்போர் கோதுமையைத் தொற்றாது, பார்பெரியையே தொற்றும். பார்பெரியில் உண்டாகும் ஏசியோஸ்போர் மீண்டும் பார்பெரியைத் தொற்றாது, கோதுமைக்கே திரும்பும்.

இவ்வுறவை முதலில் கண்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், உழவர்கள். பார்பெரி வேலிக்கு அருகில் கோதுமை கெடுகிறது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1726ஆம் ஆண்டிலேயே அச்செடியை அழிக்கச் சட்டம் இயற்றினார்கள். ஆண்டன் டி பாரி என்ற ஜெர்மானிய அறிஞர் சோதனை வாயிலாக இதனை மெய்ப்பித்தது 1865இல்தான். பார்பெரி இலையின் மேற்புறத்தில் தோன்றும் பிக்னியோஸ்போர்களுக்கு என்ன வேலை என்பது அப்போதும் விளங்கவில்லை. 1927இல் கனடாவின் கிரெய்கி, அவை பாலினக் கலப்புக்கு உதவுவன என்றும், இனிப்புத் துளியை நாடிவரும் ஈக்கள் அவற்றை இடம் மாற்றுகின்றன என்றும் காட்டினார். எனவே பார்பெரி வெறும் தங்குமடம் அன்று; பூசணத்தின் புதுப்புது இனங்கள் பிறக்கும் இடமும் அதுவே. 1916இல் பெருஞ்சேதம் கண்ட அமெரிக்கா, 1918இல் பார்பெரி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிக் கோடிக்கணக்கான புதர்களைப் பறித்தெறிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆக்ரா கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கே. சி. மேத்தா, 1920களில் தொடங்கி 1950இல் மறையும் வரை இவ்வினாவையே தொடர்ந்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் இதனைச் செய்தார் என்பதை இங்கே சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சமவெளியின் கோடை வெப்பத்தில் துருவின் யுரிடோஸ்போர்கள் மடிந்துவிடுகின்றன. இமயமலையில் பார்பெரி இனங்கள் உண்டு. எனினும் கோதுமைத் துருவை ஆண்டுதோறும் கொண்டுவருவதில் அவற்றுக்குப் பங்கில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவர் சுட்டிய இடம் மலைகளே. குளிர்ந்த மலைகளில் பருவமல்லாப் பருவத்திலும் கோதுமை பயிராகிறது. சிந்திய மணிகள் தாமே முளைத்தும் நிற்கின்றன. துரு அவற்றில் கோடையைக் கழித்துவிடுகிறது. தண்டைத் தாக்கும் கருந்துரு வகைக்கு இவ்வாறு புகலிடம் தருபவை எவை தெரியுமா? நம் நீலகிரியும் பழனி மலையும்!

அங்கிருந்து ஸ்போர்கள் வடக்கே செல்வது காற்றில். வங்கக் கடலில் புயல் எழும் காலத்தில் மேற்காற்றில் ஏறி, மத்திய இந்தியாவில் மழையோடு இறங்குகின்றன என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். 1946-47இல் மத்திய இந்தியக் கோதுமையைப் பாழாக்கியது இக்கருந்துருவே. மலைகளில் பருவமல்லாக் கோதுமைச் சாகுபடியை நிறுத்த வேண்டும் என்பது மேத்தாவின் யோசனை. சொல்வதற்கு எளிது; சிறு நிலத்தில் தன் உணவுக்குப் பயிரிடும் மலைவாழ் உழவரிடம், ஆயிரம் மைல் அப்பாலுள்ள வயலுக்காக நீ விதைக்காதே என்று எவ்வாறு சொல்வது? துருவைத் தாங்கும் கோதுமை வகைகளை வளர்ப்பதே நடைமுறை வழியாயிற்று. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இப்பணியைச் செய்கிறது. துரு எப்போதும் உலவும் இடமாதலால் புதிய வகைகளைச் சோதிக்க நீலகிரியே ஏற்றதாகிவிட்டது.

வேடிக்கை என்னவெனில், நீலகிரியிலேயே ஒரு பார்பெரி இனம் உண்டு. ஊசிக்கலா என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டதும் குற்றவாளி அகப்பட்டான் என்று எண்ணத் தோன்றும். ஆயினும் அதன் மீது குற்றமில்லை. துருவைக் காத்து வைத்திருப்பது கோதுமையேதான்.

அப்படியாயின் மாற்று ஓம்புயிரி என்ற பாடம் நமக்கு வேண்டாததா? அன்று. கம்புப் பயிரின் இலைகளில் செம்பழுப்புக் கொப்புளங்களை உண்டாக்கும் துரு, பக்ஸினியாவின் இன்னோர் இனம். அதன் மாற்று ஓம்புயிரி நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கத்திரிச் செடி! கத்திரி இலையில் மஞ்சள் புள்ளியாகத் தொடங்கி, அடிப்புறத்தில் சிறு கிண்ணங்களின் கூட்டமாக ஏசியங்கள் தோன்றும். கத்திரி இல்லாவிடினும் கம்பிலிருந்து கம்புக்கு யுரிடோஸ்போர் பரவக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. ஆனால் பார்பெரி இலையைப் படத்தில் மட்டுமே கண்ட நமக்கு, உயிருள்ள ஏசியத்தைக் கையில் எடுத்துக் காண இதைவிட வாய்ப்பு வேறில்லை. அடுத்த முறை தாவரச் சேகரிப்புக்குச் செல்லும்போது, கம்பங்கொல்லைக்கு அருகில் கத்திரிப் பாத்தி இருந்தால் இரண்டொரு இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கையில் லென்ஸ் இருக்கட்டும். தோட்டக்காரரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.