பட்டறை பதில்கள்: ரோட்டு வண்டி மலையேறுமா?

கேள்வி: என் இன்டர்செப்டர் 650-ஐ அட்வென்ச்சர் பைக்காக மாற்ற ஆசை. 200 மி.மீ. ஆட்டம் உள்ள ஃபோர்க் போட்டுத் தருவதாக வில்சன் கார்டனில் ஒரு பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா? – வாசகர், ஜெயநகர்

பதில்: வேண்டாம். இந்த வேலையை ராயல் என்ஃபீல்டு கம்பெனியே செய்து பார்த்துவிட்டது. 2024 நவம்பரில் வந்த பேர் (Bear) 650, இன்டர்செப்டரிலிருந்து பிறந்த வண்டிதான். முன்சக்கரம் 18 அங்குலத்திலிருந்து 19 ஆனது, பின்சக்கரம் 17 ஆனது, சேசிஸைப் பலப்படுத்தினார்கள், ஷோவா ஃபோர்க் போட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு முன்னால் கிடைத்த ஆட்டம் 130 மி.மீ.தான். இன்டர்செப்டரில் அது 110. சென்னையிலும் இங்கிலாந்திலும் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு 130-இல் நிறுத்தியிருக்கிறது என்றால், அந்தக் கணக்கை மதியுங்கள். உங்கள் வண்டி 200 கிலோவைத் தாண்டும். பின்னால் இருக்கும் இரட்டை ஷாக் 88 மி.மீ.தான் ஆடும். முன்னால் 200, பின்னால் 88 என்றால், குழியை முன்சக்கரம் தாங்கிவிடும். பின்சக்கரம் உங்களை சீட்டிலிருந்து தூக்கி எறியும்.

உங்கள் எடைக்கு ஏற்ற ஃபோர்க் ஸ்ப்ரிங், நல்ல பின் ஷாக், தார் ரோட்டுக்கும் மண் ரோட்டுக்கும் பொதுவான டயர், இன்ஜினுக்கு அடியில் ஒரு தகடு. இவ்வளவு போதும், சக்லேஷ்பூர் காபித் தோட்டத்து மண் ரோடுகளில் நிம்மதியாகப் போய் வரலாம். அதற்கு மேல் ஆசை இருந்தால் அதே கம்பெனியின் ஹிமாலயன் இருக்கிறது. 2016-இல் வந்த 411-லேயே முன்னால் 200, பின்னால் 180 மி.மீ. கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: கேடிஎம் 390 டியூக் வைத்திருக்கிறேன். 17 அங்குல அலாய் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு 21 அங்குல ஸ்போக் வீல் மாட்டப் போகிறேன். ஜே.சி. ரோட்டில் எல்லா சாமானும் கிடைத்துவிட்டது. ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரியும், அதைப் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். உங்கள் கருத்து? – வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: தம்பி, ஜே.சி. ரோட்டில் சாமான் கிடைக்கிறது என்பதற்காக அது உங்கள் வண்டிக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. மாதம் தவறாமல் யாராவது ஒருவர் இந்த 21 அங்குல ஆசையோடு பட்டறைக்கு வருகிறார். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முன் டயர் 110/70-17. அதன் மொத்த விட்டம் சுமார் 586 மி.மீ. நீங்கள் மாட்டப் போகும் 90/90-21 டயருக்குச் சுமார் 695. அச்சு ஏறக்குறைய 55 மி.மீ. மேலே போகும். வண்டியின் மூக்கு தூக்கும், ஃபோர்க்கின் சாய்வு இரண்டு பாகைக்கு மேல் கூடும். பெரிய சக்கரமும் கூடிய சாய்வும் சேர்ந்து ட்ரெயில் அளவை (ஹேண்டில் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) சுமார் 40 மி.மீ. ஏற்றிவிடும். டியூக்கின் ட்ரெயிலே ஏறக்குறைய 100 மி.மீ.தான் என்பதை நினைவில் வையுங்கள். சில்க் போர்டு நெரிசலில் ஹேண்டிலைத் திருப்பவே தோள் வலிக்கும். மண்ணில் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழும். சரி, அதற்குப் பழகிக்கொள்வீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது டயர் எங்கே போகும்? மேலே 55 மி.மீ. இடம் குறைந்துவிட்டது. ரேடியேட்டரில் போய் இடிக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் அங்கேயே பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம்.

இப்போது ஏபிஎஸ். பெரிய சக்கரம் அதே வேகத்தில் சுமார் 16 சதவீதம் குறைவாகச் சுற்றும். ஏபிஎஸ் பெட்டி முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது. முன்சக்கரம் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்தால், அது வழுக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ஒன்று, விளக்கைப் போட்டுத் தானே ஒதுங்கிவிடும். இல்லையென்றால், நீங்கள் பிரேக்கை முழுசாகப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். மழைக்கால பெங்களூரில் இத்தனை பேர் எலும்பு முறியாமல் வீடு திரும்புகிறார்கள் என்றால் அதில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பிடுங்கி எறியச் சொன்னவரிடம் இனி பஞ்சர்கூட ஒட்டாதீர்கள்.

கேடிஎம் என்ன செய்தது என்று பாருங்கள். 2020-இல் 390 அட்வென்ச்சர் இந்தியாவுக்கு வந்தபோது முன்சக்கரம் 19 அங்குலம், ஆட்டம் 170 மி.மீ. 21 அங்குலம் வந்தது 2025-இல்தான். அதுவும் புதிய சேசிஸோடு, 200 மி.மீ. ஆட்டத்தோடு. பி.எம்.டபிள்யூ 1980-இல் ரோட்டு வண்டியின் 800 சி.சி. பாக்ஸர் இன்ஜினை எடுத்து ஆர் 80 ஜி/எஸ் கட்டியபோதும், 21 அங்குலச் சக்கரத்தை மட்டும் கொண்டுவந்து சொருகவில்லை. ஃபோர்க்கும் பின் ஷாக்கும் சேர்ந்தே மாறின. அடுத்த ஆண்டே அந்த வண்டியில் ஊபர் ஓரியோல் பாரிஸ்–டக்கார் ராலியை ஜெயித்தார். சக்கரம், ஃபோர்க், சாய்வு, பின் ஷாக் நாலும் ஒரே கணக்கு. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றையும் தொட வேண்டும். அதற்குப் பணமும் அறிவும் இல்லையென்றால் 17 அங்குலத்திலேயே மண் ரோட்டுக்கான டயர் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஓட்டுங்கள்.

கேள்வி: சைலன்சர் மாற்றினால் மலையில் இழுவை கூடுமா? – வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள். 15 பல் 14 ஆனால் ஏறக்குறைய 7 சதவீதம் இழுவை கூடும், செலவும் சில நூறு ரூபாய்தான்.

கேள்வி: பல்சர் 220-இல் லே போகிறேன். பின்னால் இரும்புப் பெட்டி மூன்று, முன்னால் கிராஷ் கார்டில் இரண்டு ஜெர்ரி கேன். கேரியரை சேசிஸோடு வெல்டிங் வைத்துவிடலாமா? – வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சேசிஸ் விரிசல் விடும். அது நடக்கும் இடம் பெங்களூராக இருக்காது, லே போகும் வழியிலுள்ள பாங் அல்லது சர்ச்சுவாக இருக்கும். நட்டு போல்ட்டில் மாட்டும் கேரியர் போடுங்கள். மூன்று பெட்டியில் இரண்டை வீட்டில் வையுங்கள். மிச்சத்தைத் துணிப் பைகளில், சீட்டுக்கு இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கும்.

ஜெர்ரி கேன் மணாலி வரைக்கும் காலியாகவே இருக்கட்டும். அதைத் தாண்டி வரும் டாண்டி பெட்ரோல் பங்கில் நிரப்புங்கள், அதற்குப் பிறகு இடைவெளி நீளம். விழுந்தால் முதலில் அடி வாங்கும் இடம் கிராஷ் கார்டு. அங்கே பெட்ரோலைக் கட்டாதீர்கள்.

எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். ஈசியு உள்ள வண்டியானால் அதன் சாக்கெட்டையும். பல பட்டறைகளில் இதைச் செய்வதே இல்லை.

கேள்வி: மாற்றம் செய்த வண்டியை போலீஸ் பிடித்தால்? – வாசகர், ஹலசூரு

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இன்ஜின், நிறம் என்று ஆர்.சி.யில் ஏறும் எதை மாற்றுவதானாலும் ஆர்டிஓ அனுமதி முதலில், ஸ்பேனர் பிறகு.

ஓர் உதாரணம்: ஹீரோ கம்பெனி தன் எக்ஸ்பல்ஸ் வண்டிக்கு ராலி கிட் என்று ஒன்றை விற்றது. முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. ஆட்டம். போட்டிக்கு மட்டும், ரோட்டுக்கு அல்ல என்றே சொல்லி விற்றார்கள். பின்னர் அதே ஆட்டத்தோடு, சோதனை முடித்து, கம்பெனியிலிருந்தே வண்டி வந்தது. அது ரோட்டில் ஓடலாம். இன்சூரன்ஸ்காரரிடமும் மாற்றங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் பணம் வராது.

கேள்வி: என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். எக்ஸ்பல்ஸ் ஓட்ட ஆசை, கால் எட்டவில்லை. பின் ஷாக்கின் லிங்க்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தச் சொல்கிறார்கள். – வாசகி, ஃப்ரேசர் டவுன்

பதில்: தாழ்த்தாதீர்கள் அம்மா. நீங்கள் காசு கொடுத்து வாங்குவதே அந்த உயரத்தைத்தான். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் திருப்பம் கெடும், சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயும். சீட்டின் முன்பகுதியை இரு பக்கமும் ஒல்லியாகச் செதுக்கச் சொல்லுங்கள். சிவாஜிநகரில் நல்ல சீட் தைப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் போடுங்கள். ஒரு கால் ஊன்றினால் போதும். இடுப்பை நகர்த்தி ஒரு பக்கம் இறக்கி நிறுத்தும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

மிச்சப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவழியுங்கள். 2015-இல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர், நம் பெங்களூர் சி.எஸ். சந்தோஷ், கோலார் பக்கம் பிக்ராக் டர்ட்பார்க் என்ற பயிற்சிக் களத்தை உருவாக்கியிருக்கிறார். நின்றுகொண்டு ஓட்டவும், விழுந்த வண்டியை முதுகு பிடிக்காமல் தூக்கவும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். உயரம் உங்களுக்குத் தடையே இல்லை.

கேள்வி: பன்னேருகட்டா காட்டுக்குள் நல்ல மண் பாதைகள் உண்டாமே? – வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: அது தேசியப் பூங்கா. யானைகளின் வீடு. உள்ளே போகாதீர்கள், போகும் கூட்டத்தோடும் சேராதீர்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய யூனிகார்ன் இருக்கிறது. கையில் 60,000 ரூபாய். அதை அட்வென்ச்சராகக் கட்டவா, பழைய எக்ஸ்பல்ஸ் 200 தேடவா? – வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: எக்ஸ்பல்ஸ் தேடுங்கள். முன்னால் 21, பின்னால் 18 அங்குல ஸ்போக் சக்கரம், முன்னால் 190, பின்னால் 170 மி.மீ. ஆட்டம், தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி. இதில் பாதியை யூனிகார்னில் கொண்டுவருவதற்குள் உங்கள் பணம் தீர்ந்துவிடும். ஆர்டிஓ தலைவலி தனி.

வாங்கும்போது முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் தடுக்கினால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, ஸ்போக்கில் தளர்ச்சி, அடித்தகட்டுக்குப் பின்னால் இன்ஜினில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் உரிமையாளரோ புரோக்கரோ யாராக இருந்தாலும் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். அப்பாவின் யூனிகார்னை விற்க வேண்டாம். ஆபீஸ் போய்வர அதைவிட நம்பகமான வண்டி உங்களுக்குக் கிடைக்காது.