உறுதியானதா, உகந்ததா?

நான் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், உம்மாவின் முன்கடைவாய்ப் பல்லொன்றுக்கு வேர்ச் சிகிச்சை நடந்தது. அதன்மேல் ‘கிரவுன்’ எனும் உறையைப் போடும்படி வைத்தியர் கூறியிருந்தார். “மகள்ட வகுப்புக் காசு முதல்ல” என்று உம்மா தள்ளிப்போட்டார். ஒருநாள் முறுக்குக் கடிக்கையில் பல் உடைந்தது. வேருக்குள் உலோகத் தண்டொன்றை இறக்கி, அதன்மேல் பல்லைக் கட்டினார்கள். சில வருடங்களில் வேரே பிளந்தது. பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

இவ்வருடம் உம்மாவின் இன்னொரு பல்லுக்கும் வேர்ச் சிகிச்சை செய்தார்கள். அப்போது, “அவ்வளவு உறுதியான உலோகம் ஏன் பல்லைக் காக்கவில்லை?” என்று வைத்தியரிடம் கேட்டேன். உயர்தர வகுப்பில் கற்கும் எனக்கு அவர் தந்த விளக்கம் ஒரு பௌதிகவியல் பாடமாகவே இருந்தது.

‘போஸ்ட்’ எனப்படும் தண்டு வேரைப் பலப்படுத்துவதில்லை. மேலே கட்டும் ‘கோர்’ எனும் அடித்தளத்தைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. வேரிலுள்ள பன்முதலின் யங்கின் மட்டு ஏறத்தாழ 18 கிகாபஸ்கால். கறையில் உருக்கினுடையது ஏறத்தாழ 200. கண்ணாடி நார்த் தண்டுகள் பலவற்றினுடையது 20 முதல் 50 வரை. மெல்லும்போது பன்முதல் சற்று வளையும். உருக்கு அவ்வாறு வளையாது. அதனால் விசை ஓரிடத்தில் குவிந்து, ஆப்பு இறக்கிய விறகுபோல வேர் பிளக்கலாம். நார்த் தண்டு பல்லோடு சேர்ந்து வளையும். அதுவும் பழுதடைவதுண்டு, ஆனால் பெரும்பாலும் ஒட்டு விட்டுக் கழன்றுவிடும். வேர் தப்பியிருந்தால் மீண்டும் ஒட்டலாம்.

எனினும், எந்தத் தண்டின் ஆயுளும் எஞ்சியுள்ள பல்லிலேயே தங்கியுள்ளது. ஈறுக்கு மேலே சுற்றிவர ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நல்ல பல் இருந்தால், வண்டிச் சில்லை இரும்புப் பட்டம் இறுக்குவதுபோல உறை அதைப் பற்றிக்கொள்ளும். தாமதித்துப் பல் ஈறுவரை உடைந்துவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பொருளும் அந்தக் குறையை முழுதாக ஈடுசெய்யாது.

ஆகவே பெற்றோர்களே, வேர்ச் சிகிச்சையோடு நோவு நின்றதும் வேலை முடிந்துவிட்டதென எண்ணாதீர்கள். வைத்தியர் உறை போடச் சொன்னால் பிற்போடாதீர்கள்.

இம்முறை உம்மாவுக்கு நார்த் தண்டு வைத்து, சில வாரங்களுக்குள் உறையும் போட்டாயிற்று. என் வகுப்புக் காசுதான் ஒரு மாதம் பிந்தியது.